செடிக்கு யோகம்

"அய்யே! மறுபடியும் அதையா ஊத்துற?" டீனெக் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வெயில் விழும் ஜன்னல் திட்டில் ஐந்து கஞ்சா நாற்றுகள். அவள் கணவர் ஷூர்த் கூஜாவிலிருந்து ஒரு கரண்டி மொண்டு, தண்ணீரில் கலந்து ஊற்றினார். கூஜாவில் இருந்தது அவருடைய சொந்தச் சிறுநீர். இளஞ்செடிக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது என்பது அவர் கட்சி.

"யாருமே திரை போடாத தெரு. போறவன் வர்றவன் எல்லாம் பார்க்கிறான்!"

"இந்த நாட்டுல அஞ்சு செடி வரைக்கும் போலீஸே கண்டுக்காது."

"செடிய யாரு சொன்னா? கூஜாவச் சொல்றேன். கருமம், காலையில நீ கழுவி வச்சா மத்தியானம் ரொம்பிடுது!"

"தாகம்டி. குடிச்சுக்கிட்டே இருக்கேன். செடிக்கு யோகம்." நழுவிய கால்சட்டையை இழுத்துவிட்டபடி சிரித்தார்.

கூஜாவைச் சுற்றிலும் எறும்புச் சாரை. டீனெக் குனிந்து பார்த்தாள்.

"இதுல வெல்லப்பாகு வேற கலந்தியா?"

"சத்தியமா இல்ல. என்னோடது மட்டும்தான்."

"துளி இனிப்புகூட சேர்க்கல?"

"இல்லைங்கிறேன்ல."

டீனெக் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். அவள் அப்பாவின் கட்டிலடி மூத்திரப் பாத்திரத்தையும் எறும்பு இப்படித்தான் மொய்த்தது. யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அவருடைய காலை வெட்டி எடுத்தார்கள்.

"கோட்டப் போடு. டாக்டர்கிட்ட போறோம். உனக்குச் சர்க்கரை வியாதி."

"எறும்பு சொல்லுச்சா?"

"ஆமா. சோதிச்சுப் பார்க்கட்டும்."

அதுவரை விரலால்கூடத் தொடாத கூஜாவை, எறும்போடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டு, அவள் முன்னால் நடந்தாள்.