கைக்குள் ஒரு மிஷின்

நர்ஸ் வெளியே போய்க் கதவைச் சாத்தியதும், டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க நீங்களும் நானும்தான். வீட்டுக்காரருக்குக் கிட்னி குடுக்கச் சொல்லி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துறாங்களாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"உங்களுக்குப் பிரஷர் இருக்கு. ஒண்ணை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது தாங்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. பொருந்தலைன்னு வெளிய நானே சொல்லிடறேன். காரணம் யாருக்கும் தெரியாது."

அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. மேஜையைப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் செய்த ஒரு சிறுநீரகம். பேனாக்கள். நீலக் கட்டம் போட்ட துணியில் ஒரு சின்ன உறை. மறுபடியும் அந்தப் பிளாஸ்டிக் சிறுநீரகம்.

ஊசி என்றாலே எனக்கு மயக்கம் வரும். "தையல்காரன் பெண்டாட்டிக்கு ஊசின்னா பயமாம்!" என்று என் வீட்டுக்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். காஜா எடுக்கும்போது விரலில் குத்தினால்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்கிறவள் நான்.

காலையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கத் தனியாகத்தான் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பெஞ்சில் அவரைக் காணோம். கொஞ்சம் கழித்து வந்து, டீ குடிக்கப் போனேன் என்றார். தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டிய மனுஷன்! அத்தனை பேர் நடுவில் திட்டித் தீர்த்துவிட்டேன். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார்.

டயாலிசிஸை இனி ரொம்ப நாள் அவர் உடம்பு தாங்காது, வேறு கிட்னி வைத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரை. கொடுக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

டயாலிசிஸுக்காக அவர் இடது மணிக்கட்டில் நரம்பை இணைத்து வைத்திருக்கிறார்கள். தொட்டால் கிர்ரென்று அதிரும். பாப்பா அதில் காதை வைத்து, "அப்பா கைக்குள்ள மிஷின் ஓடுதும்மா" என்பாள்.

நான் போய்விட்டால் பாப்பாவுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள்? அவர் போய்விட்டால்? எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழிகிற துணியாக இருந்தது யோசனை.

கடவுள்மேல் பாரத்தைப் போட்டேன்.

"குடுக்கிறேன் டாக்டர்."

குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.

டாக்டர் என்னவோ சொல்ல வந்தார். பிறகு, "வெளிய உட்காருங்கம்மா" என்றார்.

வெளியே வந்தேன். என்னைக் கொண்டுபோய்க் கத்திக்கு முன்னால் படுக்கவைத்தால்கூட இப்போது படுத்துவிடுவேன் என்றிருந்தது. மாமியாரிடமும் நாத்தனாரிடமும் சொல்ல வாயெடுப்பதற்குள் டாக்டரே வந்துவிட்டார்.

"சாரி. இவங்களுது பொருந்தல."

அவ்வளவுதான். அடுத்த நோயாளி பின்னாலேயே உள்ளே போக, கதவு சாத்திக்கொண்டது.

"நான் சரின்னுதான் சொன்னேன்" என்றேன்.

யாரும் என்னை எதுவும் கேட்டிருக்கவில்லை.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம். மாட்டேன்னா, பொருந்தலைன்னு சொல்லி அனுப்பிடுவாங்களாம். எங்க எதிர்வீட்டுலயும் இதே கதைதான். ஊசியைப் பார்த்தே மயங்கி விழறவகிட்ட என்னத்தை எதிர்பார்க்கிறது!"

மாமியார் என் பக்கத்திலிருந்து எழுந்து மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"சத்தியமா அண்ணி, ரெண்டு தடவை சொன்னேன்."

சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. எனக்காகப் பரிந்து பேச வேண்டியவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களாவது நம்புங்க."

"நம்பறேன்" என்றார். நான் கேட்டு முடிப்பதற்குள்.

நர்ஸ் வந்து அடுத்த டயாலிசிஸுக்கான சீட்டை அவரிடம் நீட்டினாள். அவர் சட்டைப் பையைத் தடவினார். பேண்ட் பையைத் தடவினார்.

"கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டேன் போல."

பஸ்ஸில் வரும்போது அதைப் போட்டுக்கொண்டுதான் மாத்திரை அட்டையைப் படித்தார். படித்துவிட்டு, கழற்றி உறையில் வைத்தார். பாப்பாவின் யூனிஃபார்ம் தைத்ததில் மிஞ்சிய துணியில் அவரே தைத்துக்கொண்ட உறை.

நீலக் கட்டம்.

எதையாவது படிக்க வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டும். மற்றபடி அந்தக் கண்ணாடியை அவர் வெளியே எடுப்பதே இல்லை. காலையில் அவர் போனது டீ குடிக்க இல்லை.

நாத்தனார் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. எழுந்தேன். டாக்டர் அறைக் கதவு நான்கு எட்டில் இருந்தது.

அவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பற்றியது.

"எங்க போறே? உட்காரு." தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "பாப்பாவை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வர யாராவது ஒருத்தர் இருக்கணும்ல."

விரல்களைப் பிரித்துவிடப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக மெலிந்துபோன விரல்கள்தான். பிரிக்க முடியவில்லை.

என் உள்ளங்கைக்குக் கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.