துண்டுக்கடியில் ஒரு பேரம்

மாட்டுத் தரகர் மகள் பூவாத்தாள் கால்குலஸ் அடிப்படைத் தாளில் இரண்டு முறை தோற்றவள். எதிராளி வாய் திறப்பதற்குள் விலையைச் சொல்லிவிடுவது வீட்டுப் பழக்கம். கணக்கிலோ, விடையை எவ்வளவு நெருங்க வேண்டும் என்று கேட்பவர்தான் முதலில் சொல்ல வேண்டும். அதற்கு எண்ணை எவ்வளவு நெருக்கிப் பிடிக்க வேண்டும் என்பது, அதன் பிறகே அவள் சொல்ல வேண்டிய பதில். மூன்றாவது, கடைசி வாய்ப்பான வாய்மொழித் தேர்வில் கணக்கு வாத்தியார் எபனேசர் சார், மாட்டுச் சந்தையில் விரலாலேயே விலை பேசுவது போல, மேசைமேல் துண்டை விரித்து அதற்கடியில் கையை நீட்டினார்.

“எண்ணை ரெண்டு மடங்காக்கற கணக்கு. மூணை நெருங்கினா ஆறு. பேசு, அம்மிணி.”

அவள் விரல் முந்தியது. மடக்கிக்கொண்டாள். ஆறுக்கு இவ்வளவு பக்கத்தில் வேண்டும் என்று சாரின் ஒரு விரல் வந்தது, மூன்றுக்குப் பக்கத்தில் அதில் பாதி கொடுத்தாள். அது நகமானது, நகத்தின் நுனியானது, எறும்பின் காலானது. ஒவ்வொன்றுக்கும் பாதி கொடுத்தாள்.

“நான் இப்படியே கேட்டுட்டே இருப்பேன். எத்தனைக்குப் பதில் சொல்லுவ?”

“நீங்க முதல்ல கேளுங்க சார். என்ன கேட்டாலும் அதுல பாதிங்க.”

சார் துண்டுக்கடியிலிருந்து கையை எடுத்து, இரு கைகளும் வெளியே தெரிய மதிப்பெண் எழுத ஆரம்பித்தார். துண்டுக்கடியில் அவள் கையை இன்னும் யாரோ, பேரம் படிந்து மாடு கைமாறியதும் பிடிப்பதுபோல், அழுத்திப் பிடித்திருந்தார்கள்.