மிஸ் எவலினில் ஓர் இடம்

கடலில் இறங்காத ரத்தம் அங்குவிலாத் தீவின் ரத்தமே அல்ல. இது கத்பர்ட் ஹாட்ஜ் தன் வீட்டு முற்றத்தில் தினமும் வழங்கும் தீர்ப்பு. வழங்கும்போது அவருடைய கால்கள் ஒரு வாளி வெந்நீரில் இருக்கும். மூட்டுவலி.

'மிஸ் எவலின்' என்ற பந்தயப் பாய்மரப் படகில் இருபத்திரண்டு வருடம் போனவர் அவர். அவர் சொல்லும் எந்தப் பந்தயக் கதையும் நடுக்கடல் மிதவையைச் சுற்றித் திரும்பும் கட்டத்தைத் தாண்டியதில்லை. அதற்குள் மீன் ஆறிவிடும், அல்லது மனைவி கூப்பிட்டுவிடுவாள்.

"என் பொண்ணைக் கட்டணுமா? ஆகஸ்ட் பந்தயத்துக்குப் போயிட்டு வா. அப்புறம் பேசலாம்" என்று ஆல்ஸ்டனிடம் சொல்லிவிட்டார். ஆல்ஸ்டன் இங்கிலாந்தில் வளர்ந்து, போன வருடம்தான் தீவுக்குத் திரும்பியவன். மிஸ் எவலினில் அவனுக்கு ஓர் இடமும் அவரே பிடித்துக்கொடுத்தார்.

"கத்பர்ட் அனுப்பின ஆளா?" பந்தயத்தன்று கேப்டன் வெர்னல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பார்த்தாலே தெரியுது. ஏறு."

ஆல்ஸ்டன் தன் சான்றிதழை நீட்டினான். இங்கிலாந்து ஏரி ஒன்றில் பத்து நாள் பயிற்சி, முதல் வகுப்பில் தேர்ச்சி. வெர்னல் அதை வாங்கிப் பலகையில் வைத்து, அதன்மேல் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்தார்.

படகு கிளம்பியது. ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்தார்கள். ஆல்ஸ்டனும் ஒன்றைப் பிடித்தான்.

"அதைத் தொடாத!"

"இதை?"

"அதையும் தொடாத."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"உக்காரு. காத்து வர்ற பக்கம், விளிம்புல. இன்னும் வெளியே. ஹாங், நல்லா சாஞ்சு உக்காரு."

உட்கார்ந்தான். ஐந்து நிமிடத்தில் படகு திசை மாறியது. "அந்தப் பக்கம் போ!" பாய்க்கு அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போய்ச் சாய்ந்தான். மறுபடியும் மாறியது. "இந்தப் பக்கம் வா!" மூன்றாவது தடவை முழங்கால் தேய்ந்தது. நான்காவது தடவை, பொன்னிற நங்கூரம் பதித்த அவனுடைய புதுத் தொப்பியைப் பாய் தட்டிக்கொண்டு போனது.

"கேப்டன், காத்து திரும்புது. நாம கொஞ்சம் கரையோரமாப் போனா..."

"தம்பி, தண்ணி இறைக்கிற வாளி எங்க இருக்குன்னு தெரியுதா?"

"தெரியுது!" கடைசியில் ஒரு வேலை.

"அதுமேல இருந்து காலை எடு."

பக்கத்தில் கயிறு பிடித்திருந்த டாலன் சிரித்தான். "விடு, இங்கிலீஷ்காரா. நீ ரொம்ப நல்லா உக்கார்ற."

ஆல்ஸ்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரையில் கத்பர்டின் மகள் ஷெர்மெய்ன் நிற்கிறாள். அவள் அப்பா நாளைக்கு ஊரே கூடியிருக்கும் முற்றத்தில் கேட்பார்: 'என்னப்பா பிடிச்ச, பாயா, சுக்கானா?' என்ன சொல்வது? விளிம்பு என்றா?

மிதவையைச் சுற்றித் திரும்பியதும் காற்று முதுகுப் பக்கம் வந்தது. சிவப்புப் பாய் கட்டிய எதிரிப் படகு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"இனிமே பாரம் எதுக்கு? தூக்கிப் போடுங்கடா!" வெர்னல் கத்தினார். "ஆல்ஸ்டன், நீயும்தான்!"

அவன் காத்திருந்தது இதற்குத்தான். படகு கவிழாமலிருக்க அடியில் போட்டிருந்த மணல் மூட்டைகளை மற்றவர்கள் தொடுவதற்கு முன்பே இழுத்து இழுத்துக் கடலில் எறிந்தான். ஒன்பது மூட்டை. படகு எழும்பி வேகம் எடுத்தது. சிவப்புப் பாய் அப்படியும் இரண்டு படகு நீளம் முன்னால் இருந்தது.

"இன்னும் போடு!"

"அவ்வளவுதான் கேப்டன், தீர்ந்துடுச்சு!" ஆல்ஸ்டன் பெருமையோடு நிமிர்ந்தான்.

வெர்னல் டாலனைப் பார்த்தார். டாலன் ஆல்ஸ்டனைப் பார்த்தான்.

"நீச்சல் தெரியும்ல?"

"என் சான்றிதழ்லயே அது..."

மிச்ச வாக்கியத்தை அவன் தண்ணீருக்குள் சொல்லி முடித்தான்.

தலையை வெளியே எடுத்தபோது மிஸ் எவலின் வெகுதூரம் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து சங்குச் சத்தமும் கூச்சலும் கேட்டன. படகு ஜெயித்துவிட்டது. இனி அத்தனை பேரும் கரையில் இறங்குவார்கள், தலையை எண்ணுவார்கள், ஒன்று குறையும். இதைப் பார்த்த எந்த அப்பன் பெண் கொடுப்பான்?

"டேய், இந்தப் பக்கம்!"

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிறிய மோட்டார் படகு இன்ஜினை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. கரையிலிருந்து பந்தயம் பார்ப்பதாகச் சொன்ன கத்பர்ட் அதில் உட்கார்ந்திருந்தார். அவர் எட்டி அவனை இழுத்தபோது படகே கவிழப் பார்த்தது. இருவரும் மூச்சு வாங்கினார்கள். அவர் ஓர் உலர்ந்த துண்டையும், காகிதத்தில் சுற்றிய ஜானி கேக் ரொட்டியையும் அவன் மடியில் வைத்தார்.

"மிஸ்டர் ஹாட்ஜ், என்னை ஒரு கயித்தைக்கூடத் தொட விடல" என்றான் ஆல்ஸ்டன். அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"விடமாட்டாங்க. சாப்பிடு. கல்யாணத்தை டிசம்பர்ல வச்சுக்கலாம்."

காதில் தண்ணீர் அடைத்திருக்கிறது என்று ஆல்ஸ்டன் நினைத்தான். "என்ன சொல்றீங்க? நான் பந்தயத்தை முடிக்கவே இல்லையே!"

கத்பர்ட் கரையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கேட்கிற தூரத்தில் யாரும் இல்லை.

"இருபத்திரண்டு வருஷத்துல நானும் ஒரு தடவைகூட முடிச்சதில்லடா."