பானைக்குள் ஒளிந்த விளக்கு

இயேசுவைக் கும்பிட்டாலே தலை போகும் காலம் அது. குகைக்குள் ஜெபம் நடக்கும். வெளியே காலடி கேட்டதும் சில்வானு ஓட்டைப் பானையைக் கவிழ்த்து அகல்விளக்கை மூடிவிடுவான். விளக்கு உள்ளே நடுங்கும்.

பிறகு அரசனே அவர்கள் மதத்தில் சேர்ந்தான். ஜெபத்தை மாற்றிச் சொல்பவர்களைப் பிடிக்க, அதே விளக்கை ஏந்தி சேவகர்களோடு வீடு வீடாக நுழைந்தான் சில்வானு.

ஒரு வீட்டு மூலையில், கவிழ்ந்திருந்த பானைக்குள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "அண்ணே, நானும் விளக்குதான். காட்டிக் கொடுத்துடாதீங்க. வந்திருக்கிறவங்க யாரைக் கும்பிடுறவங்க?"

"நீங்க கும்பிடுறவரைத்தான். மூச்சு விடாம இரு," என்று கிசுகிசுத்தது சில்வானு கையிலிருந்த விளக்கு.

ஒன்றுமில்லை என்று சேவகர்கள் திரும்பினார்கள்.

"நில்லுங்க," என்றான் சில்வானு. "அந்தப் பானையைத் தூக்குங்க. நாங்களும் அப்படித்தான் ஒளிச்சு வெச்சோம்."