பாதையில் காய்ந்த நெல்

பாதையில் விரித்திருந்த படங்கின் நான்கு மூலைகளையும் சேர்த்துப் பிடித்து, நெல்லோடு அப்படியே வீட்டுப் படலைக்குள் இழுத்துக்கொண்டிருந்தார் குகதாசன்.

வீதியில் ஒரே ஓலம். மரக்கறி ஏற்றிவந்த வான் குறுக்கே நின்றது. அதன் முன்சில்லுக்குக் கீழே ஒரு சைக்கிள்.

எல்லோரும் பிள்ளையைத் தூக்க ஓடினார்கள். நெல்லைத் தூக்க ஓடியவர் அவர் ஒருவர்தான்.

புத்தூர்ச் சந்திக்கு இப்பால், பெரிய வீதியின் ஓரமாகப் போட்ட சைக்கிள் பாதை அது. வழவழவென்று கிடக்கும். வெயில் ஏறினால் தோசைக்கல் மாதிரிச் சுடும். நெல் காயப்போட ஊரில் பலருக்கும் அதன்மேல் ஒரு கண். ஒருவரையும் விரிக்க விடாமல் கலைத்துக்கொண்டிருந்தவர் குகதாசன்தான்.

நேற்றைய மழையில் முற்றம் முழுக்கச் சேறு. நனைந்த நெல் இன்றைக்குக் காயாவிட்டால் முளைத்துவிடும். கொஞ்ச நேரம்தானே என்று விரித்தார்.

பிள்ளை மணி அடித்தது அவருக்குக் கேட்டது.

"சுத்திப் போ பிள்ளை" என்று வீதிப்பக்கம் கையைக் காட்டியதும் அவர்தான்.

"மூச்சிருக்கு, எடு எடு!" என்று யாரோ கத்த, ஓட்டோ ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. அவர் படலையைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

வான்காரன் பாதையைக் கைகாட்டினான். "பிள்ளை சைக்கிள் பாதையிலைதான் வந்தது சேர். அங்கை நெல்லு விரிச்சுக் கிடந்தது. திடீரெண்டு என்ரை முன்னுக்கு வந்திட்டுது."

பொலிஸ்காரர் குனிந்தார். தாரில் ஒட்டிக் கிடந்த நெல்மணிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஐயா, உங்கடை நெல்லோ?"

குகதாசன் ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

சத்தம் கேட்டு அப்போதுதான் ஓடிவந்த பக்கத்து வீட்டுக் குணலட்சுமி இடையில் புகுந்து வெடித்தாள்.

"ஆரிட்டைப் போய் என்ன கேக்கிறியள் சேர்? அரசாங்கக் கந்தோர் கந்தோராய் அலைஞ்சு மனிசன் போடுவிச்ச பாதை இது. அவரின்ரை மூத்த மகள் சைக்கிளிலை போகேக்கை, லொறி அடிச்சுச் செத்தது இந்த இடத்திலைதான்!"

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா."

குகதாசன் திறந்த வாயை மூடிக்கொண்டு, பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார்.