சுத்தமான தரிசு

நிலத்தில் ஒரு களைகூட இல்லை.

வரப்பு ஓரமெல்லாம் செதுக்கப்பட்டிருந்தது. மண், தலை வாரிவிட்டதுபோல் கிடந்தது. நடுவில் விவசாயி சலவைச் சட்டையோடு நின்றார், பரிசு வாங்க வந்தவரைப் போல.

ஆய்வுக்கு வந்த நான் கையிலிருந்த டேப்லெட்டில் விதியைப் படித்தேன். எந்தப் படிவத்தையும் மூன்று முறை படிக்க வேண்டும் என்று வேலைக்கான பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மூன்று முறையும் அதேதான் இருந்தது.

ஓராண்டு சும்மா விட்ட நிலத்துக்கு மட்டுமே மானியம். மண்ணில் வேலை செய்த தடயம் இருந்தால் ரத்து.

இந்த வருடம் அவர்கள் விதைக்கவில்லை. மானியத்தை விட்டால் வேறு வரும்படி கிடையாது.

“ஆபீசர் வர்றப்போ காடு மாதிரி கிடந்தா எங்களப் பத்தி என்ன நெனப்பீங்க மேடம்?” என்றார் அவர் மனைவி. “மூணு நாளா ரெண்டு பேருக்கும் குனிஞ்ச இடுப்பு நிமிரல.”

விதியைச் சொன்னேன். சொல்லும்போது விவசாயியின் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

அவர் நேரே வரப்புக்குப் போனார். அங்கே குவித்திருந்த களையை இரண்டு கையாலும் அள்ளி வந்து, திரும்ப நட ஆரம்பித்தார்.

மனைவி கயிறு பிடித்தார். செடிக்குச் செடி ஒரு சாண். அப்படி ஒரு வரிசையை நான் எந்த வயலிலும் பார்த்ததில்லை.

“கயிறு வேண்டாம்மா. கோணலா நடுங்க.”

முயன்றார்கள். மூன்றாவது செடியிலேயே கை தானாக வரிசைக்கு வந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன். எனக்கு எதையும் நேராகச் செய்ய வராது என்று வீட்டில் சொல்வார்கள். அது முதல்முறையாகப் பயன்பட்டது.

வெயில் ஏறியதும் களைகள் தலை சாய்ந்தன.

“ஆயுசு பூரா பிடுங்கப் பிடுங்க முளைச்ச சனியன், நட்டா சாகுது பாரு,” என்று திட்டிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஊற்றினார் விவசாயி.

முழுக்க வாடுவதற்குள் படம் எடுத்தேன். படத்தில் நிலம் ஓரளவு கேட்பாரற்றுக் கிடப்பதுபோல் தெரிந்தது.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. விண்ணப்பதாரரின் பதிலை அவர் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும். கேள்விக்கு முன்னால் எச்சரிக்கையையும் படித்துக்காட்ட வேண்டும். படித்தேன்: ஆய்வு பற்றி முன்கூட்டியே தகவல் சொன்ன ஊழியருக்கு வேலை போகும்.

“நான் வர்றது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா ஐயா?”

முழங்கை வரை சேறு. அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“யாரும் சொல்லல. நான் சோம்பேறி மேடம். நிலத்த எப்பவும் இப்படித்தான் போட்டு வச்சிருப்பேன்.”

அக்கம்பக்கத்து வயல்களில் யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று அவர் மனைவி சுற்றிலும் பார்த்தார்.

பதிவை நிறுத்தினேன்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது மரியாதையில்லை என்று நினைத்து, மூன்று நாளைக்கு முன் அவருக்குப் போன் செய்து, “வியாழக்கிழமை வர்றேன், எல்லாம் தயாரா வச்சிருங்க” என்று சொன்னது நான்தான்.