நவம்பரா ஏப்ரலா

“சிரிக்கக் கூடாதும்மா, இது பாஸ்போர்ட் படம்” என்றார் புகைப்படக்காரர் கூ.

“சிரிக்காட்டி நான் திருடி மாதிரி இருப்பேனே தம்பி. ஜப்பான்காரன் கரையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிடுவான்.”

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. நாற்பது வருடமாக, கொரியாவின் தென்முனையில் இருக்கும் எங்கள் பூசான் துறைமுகத்துச் சந்தையில் கானாங்கெளுத்தி விற்கிறாள். ஜப்பான் கப்பல் அவள் கடைக்குப் பின்பக்கமாகத்தான் கிளம்பிப் போகும். ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டால் அக்கரை வந்துவிடும் என்பார்கள். அவள் ஒருநாளும் ஏறியதில்லை. மீனை யார் பார்ப்பது என்பாள்.

அறுவடைப் பண்டிகை முடிந்த கையோடு, நானும் என் தம்பி இன்ஹோவும் அவளைக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம். வெந்நீர் ஊற்று உள்ள விடுதியாக வேண்டும், படி ஏறக் கூடாது, தரையில் மெத்தை விரிக்கிற இடம் ஆகாது, காலையில் கஞ்சி கிடைக்க வேண்டும். எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேடினேன்.

தேதியில்தான் மாட்டிக்கொண்டோம்.

நான் நவம்பர் என்றேன். அம்மா ஏப்ரல் என்றாள். செர்ரிப் பூ பார்க்க வேண்டுமாம்.

செர்ரிப் பூ எங்கள் தெருவிலேயே பூக்கிறது. ஏப்ரல் வந்தால் அவள் கடைத் தார்ப்பாய் முழுக்க அதுதான். சனியன், சனியன் என்று திட்டிக்கொண்டே பெருக்கித் தள்ளுவாள். அதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும் என்று மூன்று வாரமாக ஒற்றைக் காலில் நின்றாள்.

நவம்பரில் கூட்டம் இருக்காது என்றேன். கூட்டம் இருந்தால்தான் எனக்குப் பொழுது போகும் என்றாள். ஏப்ரலில் எனக்கு லீவு கிடைக்காது என்றேன். கேட்டுத்தான் பாரேன், அப்படி என்ன அவசரம் என்றாள்.

என்ன அவசரம் என்பதை மட்டும் சொல்ல முடியவில்லை.

டாக்டர் என்னையும் இன்ஹோவையும் தனியாக அழைத்துத்தான் சொன்னார். வயிற்றில் இருப்பது புற்று, பரவிவிட்டது, அடுத்த வசந்தம் வரை உறுதி சொல்ல முடியாது. அம்மாவிடம் வெறும் புண் என்று சொல்லிவிட்டோம். எங்கள் ஊரில் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். தெரிந்தால் மனம் விட்டுப்போகும், பிறகு உடம்பு நிற்காது என்று எல்லாருக்கும் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. அதைவிட, சொல்லப் பயம்.

தேதி எதுவானாலும் பாஸ்போர்ட் வேண்டுமே என்று இன்றைக்கு அவளை இந்த ஸ்டுடியோவுக்கு இழுத்துவந்திருந்தேன்.

விளக்கு ஒருமுறை வெட்டியது. “அவ்வளவுதாம்மா” என்றார் கூ.

நான் கிளம்பத் தயாரானேன். அம்மா எழுந்திருக்கவில்லை.

“இன்னொரு படம் இருக்கு” என்று துணிப்பையை மடியில் வைத்துத் திறந்தாள். மருந்துப் பை என்று நினைத்து நான்தான் அதைத் தூக்கிவந்தேன். உள்ளேயிருந்து பச்சைப் பட்டு மேல்சட்டை வந்தது. இன்ஹோ கல்யாணத்துக்குத் தைத்தது.

பச்சைப் பட்டைப் பார்த்ததுமே கூவுக்குப் புரிந்துவிட்டது. முக்காலியை எடுத்துவிட்டு, சாய்மானம் உள்ள நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். வெள்ளைத் திரையைச் சுருட்டிவிட்டு சாம்பல் நிறத் திரையை இறக்கினார்.

அந்தப் படத்துக்கு நீண்ட ஆயுள் படம் என்று பெயர். முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஆயுள் கூடும் என்று சொல்வார்கள். ஒருநாள் சாவு வீட்டில் சாமந்திப் பூக்களுக்கு நடுவில் கறுப்பு நாடா கட்டி வைப்பதும் அதே படத்தைத்தான்.

“இதெல்லாம் இப்போ எதுக்கும்மா?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அம்மா மேல்சட்டையை மாட்டிக்கொண்டு அதன் நாடாவை முடிந்தாள். மீனுக்கு விலை சொல்லும் அதே குரலில் பேசினாள்.

“பண்டிகை அன்னிக்கு இன்ஹோ எனக்குப் பேரிக்காய் தோல் சீவிக் குடுத்தானே, பாத்தியா? நாப்பத்தஞ்சு வயசுல முதல் தடவை. பாதிப் பழம் தோலோட போச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சுடி எனக்கு.”

கூ எதையோ எடுக்கிற மாதிரி உள்ளறைக்குப் போய்விட்டார்.

“அப்புறம் எதுக்கும்மா ஏப்ரல் ஏப்ரல்னு உயிரை எடுத்த?”

“ஏப்ரல்னு சொன்னா, அதுவரைக்கும் தாங்காதும்மான்னு நீயா வாயத் திறந்து சொல்லுவேன்னு பாத்தேன். மூணு வாரமாப் பாத்தேன். நீ என்னடான்னா கூட்டம்ங்கிற, லீவுங்கிற.”

அழக் கூடாது என்று நினைத்தேன். அழுதேன். பிறகு டாக்டர் சொன்னதை, அவர் சொன்ன வரிசையிலேயே, ஒன்றும் விடாமல் சொன்னேன். அம்மா ஓரிடத்தில்கூட என்னை நிறுத்தவில்லை. முடித்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

“சரி, நவம்பருக்கே டிக்கெட் போடு” என்றாள்.

கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள். உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“இன்ஹோகிட்ட மட்டும் எனக்குத் தெரியும்னு சொல்லிடாத. அவன் தாங்க மாட்டான். அவன் முன்னாடி நான் இன்னும் ரெண்டு நாளைக்கு ஏப்ரல்தான்னு சண்டை போட்டுட்டு அப்புறமா ஒத்துக்கறேன். நீயும் விடாம அந்த லீவுக் கதையையே சொல்லிட்டிரு.”